தோட்டத்துக்குள் வந்த சாக்கும் பால் கவரும் திரும்பிப் போக வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் சென்ற வாரம், வீட்டிலும் தோட்டத்திலும் சேரும் பிளாஸ்டிக் உறைகளையும் டப்பாக்களையும் விவசாயிகள் தங்கள் நிலத்திலேயே பயன்படுத்தித் தீர்த்துவிடலாம் என்ற கருத்தில் ஒரு கட்டுரை வெளிவந்தது. குப்பையைக் கொளுத்தாதீர்கள் என்று அதில் அழுத்தமாகச் சொல்லியிருந்ததற்கு நன்றி. ஆனால் அதில் சொல்லப்பட்ட யோசனைகளில் இரண்டு, அதாவது பால் கவர்களைக் கிழித்து விரித்துச் செடிகளுக்கு மூடாக்காக (ஈரம் காயாமல் இருக்க மண்ணின் மேல் பரப்பும் மூடலாக) போடலாம் என்பதும், பூச்சிமருந்து டப்பாக்களைக் கழுவித் தண்ணீர் மொள்ளும் பாத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்பதும், நிலத்துக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் கேடு செய்பவை. முதல் யோசனையை நானே செய்து பார்த்து நட்டப்பட்டவள் என்பதாலும், இரண்டாவதைப் படித்துவிட்டு எங்கள் ஊரில் ஒருவர் அப்படியே செய்யத் தொடங்கிவிட்டார் என்பதாலும் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உடுமலைப்பேட்டை வட்டத்தில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) பாசனத்துக்கு உட்பட்ட மூன்றேகால் ஏக்கர் நிலம் எங்களுடையது. நூற்றுப் பத்துத் தென்னை, மீதி நிலத்தில் தக்காளி, கத்தரி, பாகல், புடலை, கொஞ்சம் சின்ன வெங்காயம், இரண்டு கறவை மாடுகள், நான்கைந்து ஆடுகள் என்று ஒரு குடும்பம் தன் கையாலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய அளவுதான். பதினொரு ஆண்டுகளாக இரசாயன உரமும் பூச்சிமருந்தும் வாங்குவதில்லை. அப்படிப்பட்ட தோட்டத்தில் பிளாஸ்டிக் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். மாட்டுத்தீவனமும் புண்ணாக்கும் தவிடும் சாக்கில் வருகின்றன. விதை உறையில் வருகிறது. வேலைக்கு வருகிறவர்களுக்கு வாங்கும் பலகாரம் உறையில் வருகிறது. இவை போதாதென்று, திருமூர்த்தி அணையிலிருந்து எங்கள் பாசன மண்டலத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் நாளில், தண்ணீருக்கு முன்னால் குப்பைதான் மடைக்கு வந்து சேர்கிறது. தண்ணீர் பாட்டில்கள், பால் கவர்கள், ஷாம்பு உறைகள், மருந்து டப்பாக்கள் எல்லாம் மடைவாயில் வந்து அடைத்துக்கொள்ள, மண்வெட்டியோடு நின்று அவற்றை வாரி வெளியே போட்ட பிறகுதான் வயலுக்குத் தண்ணீர் பாயும். ஆகவே பிளாஸ்டிக் தோட்டத்துக்குள் வராமல் தடுப்பது ஒரு சிறு விவசாயியின் கையில் மட்டும் இல்லை. வந்து சேர்ந்ததை என்ன செய்வது என்ற கேள்வி எங்களுக்கு ஒவ்வொரு வாரமும் இருக்கிறது.

சாக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எடையிலும் எண்ணிக்கையிலும் எங்கள் தோட்டத்தில் அதுதான் முதலிடம். இரண்டு மாடுகளுக்கு எட்டு அல்லது ஒன்பது நாளுக்கு ஒரு மூட்டை தீவனம் ஆகிறது என்றால், வருடத்துக்கு நாற்பதுக்கு மேல் சாக்குகள் சேர்ந்துவிடும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் கழித்துவிடும் யூரியா சாக்குகள் தனி. இந்தச் சாக்குகளை இன்னும் பலர் சணல் சாக்கைப் போலவே நினைத்துப் புழங்குகிறார்கள். இவை பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை மெல்லிய நாடாக்களாக இழுத்துத் தறியில் நெய்தவை. நிழலில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். வெயிலில் போட்டால் சூரியனின் புற ஊதாக்கதிர் அந்த நாடாவை உள்ளேயே முறித்துவிடும். பார்வைக்குச் சாக்கு சாக்காகவே இருக்கும். கை வைத்துத் தூக்கினால் அப்பளம் போல் நொறுங்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு ஆண்டுகளுக்கு முன், தீவனச் சாக்குகளில் பாதி அளவு மண்ணும் தொழுவுரமும் நிரப்பி இஞ்சியும் மஞ்சளும் சேனையும் வைத்தால் நல்ல விளைச்சல் வரும் என்று கேள்விப்பட்டு, கிணற்று மேட்டில் நல்ல வெயில் படும் இடத்தில் அறுபது சாக்குகளை வரிசையாக அடுக்கினோம். விளைச்சல் நன்றாகத்தான் வந்தது. பத்தாம் மாதம் மஞ்சள் எடுப்பதற்காகச் சாக்கைச் சாய்த்தபோது, அது பக்கவாட்டில் கிழிந்து வெள்ளை நூல் நூலாக மண்ணோடு உதிர்ந்தது. அந்த மண்ணை வீணாக்க மனமில்லாமல் மண்புழு உரக் குழியில் சேர்த்துவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. மூன்று மாதம் கழித்து உரத்தைச் சலித்தபோது சல்லடையின் மேல் மயிரிழை போன்ற வெள்ளைத் துண்டுகள், நகத்தளவும் அதற்குக் குறைவுமாக, மண்புழுக்களோடு பின்னிக்கொண்டு கிடந்தன. என் மாமியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்து பொறுக்கினார். ஒரு முறம் உரம்தான் சுத்தமானது. மறுநாள் ஒரு கை உரத்தைத் தண்ணீர் நிரம்பிய அண்டாவில் போட்டுக் கலக்கினோம். அந்த நூல்கள் மேலே மிதந்து வந்தன. அவற்றோடு, கண்ணுக்குத் தெரியாமல் சல்லடையில் இறங்கிப் போயிருந்த இன்னும் பொடியான துகள்களும் வெண்மையாக மிதந்தன. ஒரு குழி உரத்தையும் தண்ணீரில் போட்டு அலச யாரால் முடியும்? அந்த உரத்தை இன்றுவரை காய்கறிக்குப் போடவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் குவித்து வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் சாக்குக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தீவனச் சாக்கு நிழலில் மட்டும்தான் புழங்கும். சருகு அள்ள, சாணம் சுமக்க, தேங்காய் மட்டை கட்ட, கொட்டகையின் மேற்குப் பக்கம் ஓலைத் தட்டிக்கு உட்புறமாகச் சாரல் தடுப்பாகக் கட்ட அது போதுமானது. தென்னை நிழலில் சேனைக்கிழங்கு வைப்பதற்கும் பயன்படுத்துகிறேன், ஆனால் ஒரே ஒரு பருவத்துக்குத்தான். கிழங்கு எடுத்த கையோடு சாக்கை உதறி, கழுவி, மடித்துக் கட்டி எடுத்து வைத்துவிடுவேன். ஓரம் பிரிந்து நூல் தொங்கத் தொடங்கிய சாக்கு எதற்காகவும் வெளியே போகாது. யூரியா சாக்கு என்றால் உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பையைத் தனியே உருவி எடுத்துவிட வேண்டும்; அந்தச் சாக்கில் தானியமோ பருப்போ காய்கறியோ போடவே கூடாது. சந்தைக்குப் போகும் கத்தரிக்காய் மூட்டைகளில் பாதி உரச் சாக்காக இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வாங்குகிறவருக்கு அது தெரிவதில்லை.

பால் கவருக்கு வருகிறேன். கறவை மாடு வைத்திருக்கும் எங்களுக்குப் பால் கவர் வாங்க வேண்டிய தேவை இல்லை. ஊர் டீக்கடைக்காரர் நாள்தோறும் கழுவிச் சேர்த்து வைத்துக் கொடுக்கிறார். நாற்று வளர்ப்பதற்கு அதைவிட நல்ல பை கிடையாது என்பேன். அரை லிட்டர் கவரின் ஒரு முனையை மட்டும் வெட்டுவதற்குப் பதிலாக மேல் ஓரத்தை முழுதாக நீளவாக்கில் வெட்டித் திறந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடியில் கோணி ஊசியால் நான்கு துளை போட்டு, மண்ணும் மணலும் மக்கிய தென்னை நார்க் கழிவும் கலந்து நிரப்பினால் பப்பாளி, முருங்கை, அகத்தி எல்லாம் திடமாக வரும். நடும்போது கவரைக் கிழிக்காமல் தட்டிக் கவிழ்த்து உருவ வேண்டும்; அப்படிச் செய்தால் ஒரே கவரில் மூன்று முறை நாற்று எடுக்கலாம். பலர் அவசரத்தில் கவரோடு சேர்த்துக் குழியில் வைத்துவிடுகிறார்கள். வேர் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுற்றிச் சுருண்டு, இரண்டாம் வருடக் காற்றில் மரம் சாய்ந்த பிறகு தோண்டிப் பார்த்தால் கவர் போட்டபடியே இருக்கும்.

இதே பால் கவரைத்தான் நான் ஒரு கோடையில் கிழித்து விரித்து, தக்காளிப் பாத்தியில் மூடாக்காகப் போட்டேன். நானூறு கவர்களுக்குக் குறையாது. மேலே மண் கட்டி வைத்திருந்தும், ஆடிக் காற்று ஒரே நாளில் பாதியைப் பெயர்த்து வேலியோரம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கழுவின கவரானாலும் மடிப்பில் புளித்த பால் வாடை இருக்கும். மாடு அதைத்தான் தேடும். எங்கள் செவலைப் பசு மூன்று நாள் அசைபோடாமல், தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டு நின்றது. கால்நடை மருத்துவர் வந்து இடது விலாவில் கை வைத்து அழுத்திப் பார்த்ததுமே, பிளாஸ்டிக் தின்றிருக்கும் என்றார். வயிற்றைத் திறந்து அவர் வெளியே எடுத்த உருண்டையில் பால் கவரும் சாக்கு நூலும் வைக்கோலும் கயிறு திரித்தது போல் முறுக்கேறி இருந்தன. பசு பிழைத்துக்கொண்டது, அந்த ஈற்றில் பால் பாதியாகக் குறைந்துவிட்டது. 2019 அக்டோபரில் சென்னையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்த செய்தியை அப்போது படித்தபோது, தெருவில் மேயும் நகரத்து மாட்டுக்குத்தான் இந்தக் கதி என்று எண்ணியிருந்தேன். என் வேலிக்குள்ளேயே அதே தீனியை நானே விரித்து வைத்தேன் என்பதை இன்றும் என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மூடாக்கு வேண்டுமென்றால் எங்கள் பகுதியில் எதற்குப் பஞ்சம்? தென்னை ஓலை இருக்கிறது, தேங்காய் மட்டை இருக்கிறது, பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளில் மலை மலையாகத் தென்னை நார்க் கழிவு இருக்கிறது. மட்டையைக் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி மரத்தைச் சுற்றிப் பரப்பினால் ஈரமும் காக்கும், மக்கி எருவும் ஆகும். கடைகளில் விற்கும் 25 மைக்ரான் தடிமனுள்ள பிளாஸ்டிக் மூடாக்குத் தாளே ஒரு போகம் முடிந்து சுருட்டும்போது துண்டு துண்டாகக் கிழிந்து மண்ணில் தங்கிவிடுகிறது என்று அதைப் போட்ட நண்பர்கள் குறைப்படுகிறார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2021-ல் வெளியிட்ட ஆய்வு, உலகம் முழுதும் பயிர், கால்நடை உற்பத்தியில் ஆண்டுக்கு 1 கோடியே 25 லட்சம் டன் பிளாஸ்டிக் பொருள்களும், உணவுப் பொருள்களைப் பொட்டலமிடுவதற்கு 3 கோடியே 73 லட்சம் டன்னும் பயன்படுத்தப்படுவதாகக் கணக்கிட்டிருக்கிறது. முதல் கணக்கைக் காட்டிலும் இரண்டாவது மூன்று மடங்கு. அந்தப் பொட்டலக் கழிவையும் கொண்டுவந்து மூடாக்கு என்ற பெயரில் மண்ணில் பரப்பச் சொல்வது, கடையிலும் வீட்டிலும் தீர்க்க வேண்டிய குப்பையை விவசாயியின் நிலத்தில் இறக்கி வைப்பதாகும்.

கட்டியான பாட்டில்களையும் கேன்களையும் பற்றி எனக்கு இவ்வளவு கடுமையான கருத்து இல்லை. உண்மையில் அவை இல்லாமல் எங்கள் தோட்டம் நடக்காது. விதை சேமிப்பதற்கு இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் எவ்வளவு உதவுகிறது என்பதை ஒவ்வொரு விவசாயியும் தெரிந்துகொள்ள வேண்டும். தட்டைப்பயறு, மொச்சை, அவரை விதைகளைக் கடித்தால் படக்கென்று உடையும் பதத்துக்குக் காய வைத்து, பாட்டிலில் கழுத்துவரை தட்டித் தட்டி நிரப்பி, மூடியை இறுக்கி, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி விட்டுவிட்டால், உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்று தீர்ந்ததும் வண்டு பெருக வழியில்லை. காற்றுக்கு இடம் விட்டு முக்கால் பாட்டில் மட்டும் நிரப்பினால் பயன் இல்லை. சரியாகக் காயாத விதையைப் போட்டால் பூசணம் பிடிக்கும். பாகலுக்கும் புடலைக்கும் வரும் பழ ஈக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் கருவாட்டுப் பொறி வைக்கிறோம். பாட்டிலின் மேல் பாதியில் ஈ நுழையும் அளவுக்கு நான்கு துளை போட்டு, ஊற வைத்த கருவாட்டுத் துண்டும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுப் பந்தலில் கட்டினால், வாடைக்கு வந்த ஈ தண்ணீரில் விழுந்துவிடும். வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவி மாற்ற வேண்டும். மாற்றாமல் பருவம் முடிந்தும் தொங்கவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு வளரும் இடமாகிவிடும் என்பதை இந்த யோசனையைச் சொல்கிறவர்கள் சேர்த்தே சொல்ல வேண்டும். தென்னங்கன்றுக்கும் எலுமிச்சைக் கன்றுக்கும் சொட்டு நீர் விடப் பாட்டிலைத் தலைகீழாகப் புதைத்து அடியை வெட்டித் திறந்து வைக்கிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். மேலே திறந்திருக்கும் அடிப்பக்கத்தில் ஒரு துணியைக் கட்டினால் போதும்.

மஞ்சள் நிற எண்ணெய்க் கேன்களுக்கு எங்கள் பகுதியில் தனிப் பயன் ஒன்று ஏற்பட்டிருக்கிறது. 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகத் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இன்று தென்னை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. மஞ்சள் தாளில் ஆமணக்கெண்ணெய் தடவித் தோப்பில் கட்டச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. சாப்பாட்டுக்கடையிலிருந்து வாங்கி வந்த ஐந்து லிட்டர் மஞ்சள் கேன்களைப் பிளந்து விரித்து, வெளிப்புறம் எண்ணெய் தடவி ஆள் உயரத்தில் கட்டினேன். கடையில் வாங்கும் தாள் ஒரு மழைக்குத் தாங்காத இடத்தில் இந்தக் கேன் தகடு, துடைத்துத் துடைத்து எண்ணெய் தடவ, இரண்டு வருடம் தாங்கியது. வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவியும் இதில் ஒட்டி மடியக்கூடும் என்பதால், ஈ குறைந்ததும் கழற்றிவிடுவேன். காண்டாமிருக வண்டுக்கு ஆமணக்குப் புண்ணாக்கைக் கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் வீதம் ஊற வைத்து மண்பானையில் வைக்கச் சொல்வார்கள். மண்பானைக்குப் பதில் வெட்டிய கேனை வைத்தாலும் வண்டு வந்து விழுகிறது.

ஆனால் பழைய கேனையும் பீப்பாயையும் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்பதைக் கேட்காமல் வாங்கக் கூடாது. ஜீவாமிர்தம் என்ற இயற்கை உரக் கரைசலைக் கரைக்க 200 லிட்டர் பீப்பாய் வேண்டும் என்று ஒரு பழைய சாமான் கடையில் நீல நிறப் பீப்பாய் ஒன்றை வாங்கி வந்தோம். கடைக்காரர், சாறு வந்த பீப்பாய் என்றார். பத்து கிலோ சாணம், கோமியம், இரண்டு கிலோ நாட்டுச்சர்க்கரை, இரண்டு கிலோ பயறு மாவு எல்லாம் போட்டுக் கலக்கியும் மூன்றாம் நாள் நுரை கட்டவில்லை. புளித்த வாசத்துக்குப் பதிலாக மூக்கைக் குத்தும் ஒரு நெடி வந்தது. பீப்பாயின் அடியில் சுரண்டிப் பார்த்தால் ஊதா நிறம் விரலில் ஒட்டியது. சாயப்பட்டறையில் கழித்த பீப்பாயாகத்தான் இருக்க வேண்டும். உயிருள்ள கரைசல் என்று சொல்லி மண்ணுக்கு ஊற்றப்போவதை அதில் எப்படி வைப்பது? பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்ற மற்ற இயற்கைக் கரைசல்களுக்கும் அதன்பின் உணவுப்பொருள் வந்தது என்று எனக்குத் திண்ணமாகத் தெரிந்த கேன்களை மட்டுமே பயன்படுத்துகிறேன். மீன் அமிலக் கேனின் மூடியை இறுக்கித் திருகிவிட்டால் வாயு சேர்ந்து வெடித்துத் திறக்கும் என்பதையும் புதிதாகச் செய்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

பூச்சிமருந்து டப்பாவைப் பற்றி இனி. அதன் உறையில் முக்கோணம் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் வேகத்தைக் காட்டும் நிறம் அதில் இருக்கும். எந்த நிறமாக இருந்தாலும் அந்த டப்பாவுக்கு இரண்டாவது வாழ்க்கை என்பது கிடையாது. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே, காலி உறைகளை மறுபடி பயன்படுத்த முடியாதபடி உடைத்து, மக்கள் குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்கின்றன. கழுவிவிட்டால் போதும் என்று கட்டுரையாளர் நினைப்பது ஏன் என்று எனக்குப் புரிகிறது; பார்க்க அது நல்ல டப்பா, கைப்பிடி இருக்கிறது, இறுக்கமான மூடி இருக்கிறது. மூன்று முறை அலசி அந்த அலசல் தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றித் தெளித்துவிட வேண்டும் என்பது டப்பாவைச் சேகரித்துத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய பாதுகாப்பு. வீட்டுப் புழக்கத்துக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. எங்கள் ஊரில் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒருவர் மருந்து டப்பாவை வெட்டித் தொட்டியில் தண்ணீர் மொள்ள வைத்திருந்தார். அந்தத் தொட்டியில்தான் அவர் பேரன் கை கால் கழுவுகிறான். நான் போய்ச் சொன்ன பிறகு எடுத்துவிட்டார். சொல்ல ஆள் இல்லாத ஊர்களை எண்ணித்தான் தங்களுக்கு எழுதத் துணிந்தேன். தாங்கள் இந்த ஒரு விஷயத்துக்காவது ஒரு திருத்தம் வெளியிட வேண்டுமென்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

பிஸ்கட், சிப்ஸ், ஷாம்பு உறைகள் போன்ற பல அடுக்கு உறைகளைக் குளிர்பான பாட்டிலுக்குள் திணித்து, பாத்தியின் வரப்பில் செங்கல் போல் அடுக்கலாம் என்ற யோசனையும் இப்போது பரவுகிறது. பள்ளிப் பிள்ளைகள் ஆசையோடு செய்கிறார்கள். வெயிலில் அந்தப் பாட்டில் எத்தனை வருடம் தாங்கும்? தாங்காமல் வெடித்த அன்று, உள்ளே இருந்த நூறு உறைத் துண்டுகளும் பாத்திக்குள் கொட்டும். தனியாகக் கொடுத்திருந்தால் பழைய சாமான் கடையில் எடுத்துக்கொண்டிருக்கும் பாட்டிலும் யாருக்கும் ஆகாததாகிவிடும். அந்தப் பல அடுக்கு உறைகளுக்குத் தோட்டத்தில் ஒரு பயனும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு வெளியே அனுப்ப வேண்டியதுதான்.

அனுப்புவது எங்கே என்பதில்தான் எல்லாம் வந்து நிற்கிறது. பத்து ஆண்டு உழைத்த சாக்கும் ஒருநாள் கிழியும். மூன்று முறை நாற்று வளர்த்த கவரும் நான்காம் முறை ஓட்டையாகும். மறுபயன்பாடு அந்த நாளைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். அந்த நாள் வரும்போது விவசாயியிடம் இருக்கும் வழி தீப்பெட்டி ஒன்றே என்றால், அதற்கு முன் நாங்கள் பட்ட பாடெல்லாம் புகையாகத்தான் போகும். நகரத்தில் வீட்டு வாசலுக்கு வண்டி வருகிறது. கிராமத்தில் தூய்மைக் காவலர்கள் தெருவுக்கு வருகிறார்கள். அவர்கள் வேலையை நான் மதிக்கிறேன், ஆனால் ஊருக்கு வெளியே இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்துச் சாளைகளுக்கு (தோட்ட வீடுகளுக்கு) அவர்களின் மூன்று சக்கர வண்டி வர முடியாது. பழைய சாமான் வியாபாரி கட்டிப் பிளாஸ்டிக்கை எடுப்பார், பால் கவரை எடுப்பார். நைந்த சாக்கையும் பிஸ்கட் உறையையும் தொட மாட்டார்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. இரண்டையும் மனதார வரவேற்றவள் நான். சந்தைக்குத் துணிப்பையோடுதான் போகிறேன். ஆனால் தீவனச் சாக்கும் எண்ணெய்க் கேனும் பால் கவரும் தடைக்குள் வருபவை அல்ல, வரவும் முடியாது. இவற்றுக்குத் தேவை திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. உறையைச் சந்தையில் விடுகிறவரே அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் நெறிமுறைகளை அறிவித்திருக்கிறது. தூய்மை இந்தியா ஊரகத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மைக் கூடம் அமைக்கவும் வழி செய்யப்பட்டிருக்கிறது. பிளாஸ்டிக்கை உருக்கித் தார்ச்சாலை போடும் முறையை நம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்து, 2018-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஆக, கடைசியில் கொண்டு சேர்க்க இடம் இல்லை என்று சொல்வதற்கில்லை. என் கொட்டகையிலிருந்து அந்தக் கூடம் வரையிலான நடுவழிதான் யார் பொறுப்பு என்று தெரியாமல் கிடக்கிறது.

அந்த நடுவழிக்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. பல ஊர்களில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. காலையும் மாலையும் பால் ஊற்ற நாங்கள் அங்கே போகிறோம். தீவன மூட்டையே பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. தீவனம் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லாரியில் கட்டிய பழைய சாக்குகளை ஏற்றிவிட ஓர் ஏற்பாடு செய்தால் போதும். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இன்று பல ஊர்களில் இருக்கின்றன; எங்கள் காய்கறி போகும் வண்டியிலேயே மாதம் ஒருமுறை கழுவிக் காய வைத்த கவர்களையும் உறைகளையும் கொண்டுபோய்க் கொடுக்க அங்கே ஒரு மூலை வேண்டும். பூச்சிமருந்து டப்பாவுக்கு மட்டும் இது போதாது. அதற்கு முன்பணம் வைக்க வேண்டும். நீலகிரியில் 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தரும்போது அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் முறை தொடங்கி, பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. காட்டில் யானையின் காலில் கண்ணாடி குத்தக் கூடாது என்பதற்காக மதுபாட்டிலுக்குச் செய்ய முடிந்ததை, குழந்தையின் கைக்கு நஞ்சு போகக் கூடாது என்பதற்காக மருந்து டப்பாவுக்குச் செய்ய முடியாதா? பிரேசில் நாட்டில் 2000-ல் இயற்றிய சட்டத்தின்படி, அலசிய மருந்து டப்பாவை விவசாயி திருப்பிக் கொடுக்க வேண்டும், உற்பத்தியாளர்கள் அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அங்கே விற்கும் டப்பாக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வருகின்றன. நம் மருந்துக் கடைகளுக்கும் அந்தக் கடமையை வைக்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு மாவட்டந்தோறும் செய்தியாளர்கள் இருக்கிறார்கள். ஒன்றியத்துக்கு ஒன்று என்று அறிவிக்கப்பட்ட கூடங்களில் எத்தனை இயங்குகின்றன, அவற்றுக்குத் தோட்டங்களிலிருந்து வரும் சாக்கும் உறையும் சேர்கிறதா, கூட்டுறவுச் சங்கங்கள் திருப்பி வாங்க என்ன தடை என்று அவர்கள் விசாரித்து எழுதினால், வேளாண் பக்கத்தில் வரும் பத்து யோசனைகளைவிட அது எங்களுக்குப் பயன்படும்.

எங்கள் கொட்டகையில் இன்றைய நிலவரப்படி எழுபத்து மூன்று நைந்த சாக்குகளைக் கழுவிக் காய வைத்து, பத்துப் பத்தாகக் கட்டி அடுக்கி வைத்திருக்கிறேன்; பல அடுக்கு உறைகள் தனியாக இரண்டு மூட்டை இருக்கின்றன. பால் சங்கத்தில் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லும் அன்று காலையிலேயே, பால் கேனோடு சேர்த்து அவற்றையும் வண்டியில் ஏற்றிக் கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகியான ஒரு சிறு விவசாயி,
உடுமலைப்பேட்டை வட்டம், திருப்பூர் மாவட்டம்.